அனல் மின் நிலையச் சாம்பல் மாடியில் விழுகிறது, என் வீட்டுக்காரருக்கு நிலையத்தில்தான் வேலை. மனு கொடுப்பதா, சும்மா இருப்பதா?

தையல்மெஷின் எழுதியது:

வணக்கம். இங்கே புதிதாக வந்திருக்கிறேன். எனக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீஞ்சூரைத் தாண்டி ஒரு கிராமப் பஞ்சாயத்தில் குடியிருக்கிறோம். எண்ணூரிலிருந்து காட்டுப்பள்ளி வரைக்கும் என்னென்ன இருக்கிறது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அனல் மின் நிலையங்கள், கரி இறங்குகிற துறைமுகம், ஏரி மாதிரிப் பரந்து கிடக்கிற சாம்பல் குளம். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் கிழக்கே புகைபோக்கிகள் தெரியும். எந்த நிலையத்தைச் சொல்கிறேன் என்று எழுதப் போவதில்லை. ஏன் என்பது கீழே வரும்.

நான் வீட்டிலேயே தைக்கிறேன். ரவிக்கை, சுடிதார், ஜூன் மாதம் வந்தால் பள்ளி யூனிஃபார்ம். வெள்ளைச் சட்டைத் துணியை வெட்டி ஜன்னலோரம் அடுக்கி வைத்துவிட்டு மத்தியானம் சாப்பிட்டு எழுந்து வந்தால், மேலே இருக்கிற துண்டில் மட்டும் ஒரு மங்கல். ஈரத்துணியால் துடைத்தால் இழுபட்டுக் கோடு விழுந்துவிடும். உதறித்தான் எடுக்க வேண்டும். எத்தனை துணி இப்படிப் பாழாகி, நானே காசு போட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன் தெரியுமா. வடகம் போடுவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது.

சின்னவனுக்கு எட்டு வயது. இளைப்பு. மாதத்தில் இரண்டு மூன்று ராத்திரியாவது நெபுலைசர் வைக்க வேண்டியிருக்கிறது. டாக்டர் "தூசி ஆகாது, தள்ளி வையுங்கள்" என்றார். எங்கே தள்ளி வைப்பது?

போன பிப்ரவரியில் ஒரு காரியம் செய்தேன். ஒரு எவர்சில்வர் தட்டில் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவி மாடிச் சுவர்மேல் வைத்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்து, எவ்வளவு படிந்திருக்கிறது என்று நோட்டில் 'இல்லை, கொஞ்சம், நிறைய' என்று எழுதி வந்தேன். இதுவரைக்கும் 71 நாள் எழுதியிருக்கிறேன். அதில் 'நிறைய' மட்டும் 29 நாள். காலையில் பார்த்தால் அவ்வளவாக இருக்காது, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான் ஏறும். நடுவில் மூன்று நாள் மழை பெய்தது, அந்த மூன்று நாளும் தட்டு பளிச்சென்று இருந்தது. மகனுக்கு இளைப்பு வந்த தேதிகளையும் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் நோட்டைத் திறக்கவே இல்லை. "இது எந்த நிலையத்திலிருந்து வருகிறது என்று நிரூபிக்க முடியுமாம்மா? அங்கீகாரம் பெற்ற கருவியில் அளந்தீர்களா?" என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துப் போனது.

இப்போது சிக்கல். என் வீட்டுக்காரர் அந்த நிலையம் ஒன்றில் கான்ட்ராக்ட் ஆள். கரி இறங்குகிற பக்கம் வேலை. கேட் பாஸை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒரு பையன் டிவிக்காரர்களிடம் பேசினான், அடுத்த தடவை அவனுக்குப் பாஸ் வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. இவர் என்னைத் திட்டவில்லை. ஆனால் நான் தட்டை மாடிக்கு எடுத்துப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மாமியார் நேராகவே கேட்கிறார்: "அதை மூடிட்டா சோத்துக்கு எங்கடி போறது?"

நாளைக்கே மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்றும் தெரியவில்லை. என் நோட்டுக்கு ஏதாவது மதிப்பு உண்டா? என் பெயர் வெளியே வராமல் செய்ய வழி இருக்கிறதா?

---

சும்மா_ஒருவன்:

மேடம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபேன், ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் வேண்டும், மின் நிலையம் மட்டும் வேண்டாமா? அந்த நெபுலைசரும் கரண்டில்தானே ஓடுகிறது. போராட்டம் என்று கிளம்பினால் கடைசியில் அடிபடுவது உங்கள் வீட்டுக்காரர் மாதிரி ஆட்கள்தான். கிளப்பி விடுகிறவர்கள் ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பார்கள். வீடு மாற்ற முடியுமா பாருங்கள்.

---

ஈரக்காற்று:

அக்கா, தட்டு ஐடியா சூப்பர். ஒரு சின்ன சென்சார் வாங்கி மாட்டுங்கள். சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது, பிஎம் 2.5, அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள், எவ்வளவு என்று போனிலேயே காட்டும். நம் நாட்டு அளவுகோல் 24 மணி நேர சராசரிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம், வருஷ சராசரிக்கு 40. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் அளவுகோலை 15, 5 என்று இறக்கிவிட்டது. நம்பர் கையில் இருந்தால் யாரும் மறுக்க முடியாது.

---

பழைய_சிப்காட்:

தங்கச்சி, நான் கடலூர். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரன். அனல் மின் நிலையம் எங்களுக்கு இல்லை, ரசாயன ஆலைகள். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் 2004-இல் நாங்கள் எழுதிய நோட்டுதான் ஞாபகம் வந்தது.

மேலே கேட்டவருக்கு முதலில் ஒரு வார்த்தை. கரண்ட் வேண்டும் என்பதும், சாம்பல் பறக்காமல் பார்த்துக்கொள் என்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. ஹோட்டலில் இட்லி கேட்கிறவன் தட்டைக் கழுவி வை என்றால் கடையை மூடச் சொல்கிறான் என்று அர்த்தமா?

சரி, எங்கள் கதை. ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம், குடிகாடு என்று ஆலைகளை ஒட்டின ஊர்கள். ராத்திரி வாடை அடிக்கும், காலையில் போய்ச் சொன்னால் "இப்போது ஒன்றும் இல்லையே" என்பார்கள். உண்மைதான், இருக்காது. அப்புறம் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எங்களில் சிலரை உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். என்ன பயிற்சி என்றால், மோப்பம். மணி என்ன, எந்த இடத்தில் நிற்கிறாய், காற்று எங்கிருந்து வருகிறது, வாடை எது மாதிரி இருக்கிறது, உடம்புக்கு என்ன செய்கிறது. 'கெட்ட நாற்றம்' என்று எழுதக் கூடாது. நெயில் பாலிஷ் மாதிரி, அழுகின முட்டைக்கோஸ் மாதிரி, பிணவாடை மாதிரி என்று எழுத வேண்டும். கொஞ்ச நாளில் வாடையை வைத்தே, காற்றை வைத்தே, எந்த வேலிக்குப் பக்கத்திலிருந்து வருகிறது என்று எங்களுக்குச் சொல்ல வந்துவிட்டது.

அதோடு ஒரு பக்கெட். நிஜமாகவே பிளாஸ்டிக் பக்கெட்தான். மூடியில் இரண்டு துளை, உள்ளே டெட்லார் என்கிற வகைப் பை. பக்கெட்டுக்குள் இருக்கிற காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சினால் உள்ளே இருக்கிற பை தானாக ஊதி, வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். அதை மூடிக் கட்டி அமெரிக்காவில் இருக்கிற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அதன் முடிவு அறிக்கையாக வந்தது, பத்திரிகைகளில் வந்தது, உச்ச நீதிமன்றம் போட்ட கண்காணிப்புக் குழு வரைக்கும் போனது. ஆனால் ஒன்று சொல்கிறேன். பக்கெட்டை எங்கே, எப்போது திறக்க வேண்டும் என்று சொன்னது நோட்டுதான். நோட்டு இல்லாமல் பக்கெட் வெறும் பக்கெட்.

அதனால் தம்பி சொல்கிற சென்சாரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, முதலில் வேண்டாம் என்கிறேன். அந்த விலைக்குக் கிடைப்பது வெளிச்சத்தை வைத்துத் துகளை எண்ணுகிற கருவி. கடலோர ஈரக்காற்றில் நீர்த்துளியையும் தூசி என்று எண்ணிக் கூட்டிக் காட்டும். விடிகாலையில் 150 என்று காட்டும், நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள், அவர்கள் ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். இன்னொன்று, உங்கள் தட்டில் விழுவது பெரிய துகள். பிஎம் 2.5 கருவி அதைப் பார்க்கவே பார்க்காது.

இப்போது உங்கள் நோட்டுக்கு வருகிறேன். நீங்களே பதிலை எழுதி வைத்துவிட்டு என்னிடம் கேட்கிறீர்கள். புகைபோக்கி ராத்திரியும் பகலும் ஓடுகிறது, ஆனால் உங்கள் தட்டு மத்தியானத்துக்கு மேல்தான் நிறைகிறது. மழை நாளில் சுத்தம். அப்படியென்றால் இது காய்ந்து, வெயில் ஏறி, கடற்காற்று கிளம்பினதும் பறக்கிற பொருள். சாம்பல் குளத்தின் காய்ந்த பாகம், மூடாமல் போகிற சாம்பல் லாரி, கரிக் கிடங்கு, இந்த மூன்றில் ஒன்று. விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாகக் கறை படிந்தால் கரித்தூள். முகப் பவுடர் மாதிரி வழுக்கிக்கொண்டு சாம்பல் நிறத்தில் இருந்தால் சாம்பல். நோட்டில் இன்னொரு பத்தி சேருங்கள்: காற்று. மாடிக் கம்பியில் ஒரு தாவணிக் கிழிசலைக் கட்டி, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று தினமும் ஒரே மணிக்கு எழுதுங்கள். ஒரே ஒரு வீடு மட்டும் எழுதினால் போதாது. வேறு வேறு திசையில் இன்னும் மூன்று வீட்டு மாடியில் அதே மாதிரித் தட்டு வையுங்கள். நான்கு நோட்டும் ஒரே பக்கத்தைக் கை காட்டினால், "நிரூபிக்க முடியுமா" என்றவர் நோட்டைத் திறந்துதான் ஆக வேண்டும்.

அடுத்தது பெயர் விஷயம். நிரூபிக்க வேண்டியது நீங்கள் மட்டும் இல்லை. காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-லிருந்து இருக்கிறது. ஒவ்வொரு நிலையமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இசைவாணை, அதாவது ஓட்டுவதற்கான அனுமதி, வாங்கித்தான் ஓடுகிறது. அந்த ஆணையிலேயே நிபந்தனைகள் இருக்கும்: சாம்பல் குளத்தை எப்படி வைத்திருக்க வேண்டும், லாரி எப்படிப் போக வேண்டும், காற்றை எங்கே அளக்க வேண்டும் என்று. நகல் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு, அவ்வளவுதான். இசைவாணையும் நிபந்தனைகளும், கடைசி இரண்டு வருஷத்துக் காற்றுத் தர அளவீடுகள், ஆய்வு அறிக்கைகள், நோட்டீஸ் ஏதும் கொடுத்திருந்தால் அதன் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் உங்களைக் கேட்கவே கூடாது, சட்டத்தின் 6(2) பிரிவு அதைத்தான் சொல்கிறது. இதை நீங்கள் போட வேண்டியதில்லை. சென்னையிலோ திருச்சியிலோ இருக்கிற உங்கள் அண்ணனோ சித்தப்பாவோ போடலாம். இந்திய குடிமகன் யார் வேண்டுமானாலும் போடலாம்.

பதில் கையில் வந்ததும் கதை மாறிவிடும். அதுவரைக்கும் நீங்கள் "என் வீட்டில் சாம்பல் விழுகிறது" என்று அழுகிறவர். அதற்கப்புறம் "உன் இசைவாணையில் இத்தனையாவது நிபந்தனை இப்படி இருக்கிறது, இந்த 29 நாள் அது நடக்கவில்லை" என்று கேட்கிறவர். எங்கள் ஊரில் இதைப் புரிந்துகொள்ளவே எங்களுக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

உங்கள் ஊர் பஞ்சாயத்து என்பதால் இன்னொரு வழியும் உண்டு: கிராம சபை. இப்போது ஆறு நாள் நடக்கிறது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் தீர்மானம் போட்டால் அது தையல்காரம்மாவின் புகார் இல்லை, ஊரின் தீர்மானம். எழுந்து பேசுகிறவர் கான்ட்ராக்டில் யாரும் இல்லாத வீட்டுக்காரராக இருக்கட்டும். அங்கன்வாடிக்குப் பிள்ளையை அனுப்புகிற அம்மாக்கள் பத்துப் பேர் போதும். நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து நோட்டை மட்டும் கொடுங்கள்.

தீர்மான நகலை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் நாளில் மனு. ரசீது வாங்காமல் திரும்பி வராதீர்கள். எதுவும் நகராவிட்டால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், சென்னையிலேயே சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கிறது. நஷ்ட ஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சனை தொடங்கி ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, அதற்குத்தான் தேதி போட்ட நோட்டு. பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுப்பதும் உண்டு. அந்த அதிகாரம் அதற்கு இருக்கிறது என்று உச்ச நீதிமன்றமே 2021-இல் சொல்லிவிட்டது.

---

ஓய்வுபெற்ற_பாய்லர்:

அம்மா, நான் 31 வருடம் அனல் மின் நிலையங்களில் வேலை பார்த்தவன், வேறு மாநிலத்தில். கடலூர் நண்பர் சொன்னதில் பெரும்பாலும் சரி. உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

500 மெகாவாட் அலகு (யூனிட்) ஒன்று முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு 7,500 டன் அளவுக்குக் கரி எரியும். ஒடிசாக் கரியில் சாம்பல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஒரே அலகில், ஒரே நாளில், 2,500 டன் சாம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு பாய்லருக்கு அடியில் விழும், மீதி புகையோடு பறக்கும். பறப்பதைப் பிடிக்க மின்னழுத்தத் தகடுகள் இருக்கும், நாங்கள் இஎஸ்பி என்போம். நன்றாக இருந்தால் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். ஒரு வரிசை கெட்டுப்போனாலும் அலகை நிறுத்த மனசு வராது, கோடைக்காலத்தில் நிறுத்தவும் விடமாட்டார்கள். மேலிருந்து போன் வரும். இதை நான் யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை, நானும் அந்தப் போனை எடுத்தவன்தான்.

பிடித்த சாம்பலைத் தண்ணீரில் கலந்து குழாய் வழியே குளத்துக்கு அனுப்புவார்கள். குளத்தின் மேல் ஒரு சாண் தண்ணீர் நின்றால் ஒரு துகள் பறக்காது. தண்ணீர் வற்றி மேல் படிந்தது வெடித்துக் காய்ந்தால், கடற்காற்றுக்கு அது மாவு மாதிரி. ஆக நீங்கள் கேட்க வேண்டியது எளிமையானது: குளத்தைக் காய விடாதே, காய்ந்த பாகத்தில் தண்ணீர் தெளி, மண் மூடு, லாரிக்குத் தார்ப்பாய் கட்டு, கன்வேயர் மூடியில் உடைந்த தகடுகளை மாற்று. இதில் ஒன்றுகூட யாருடைய வேலையையும் பறிக்காது. தண்ணீர் தெளிக்கவும் தார்ப்பாய் கட்டவும் ஆள் வேண்டும், அதுவும் கான்ட்ராக்ட் வேலைதான். இதை உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். கரி இறங்குகிற பக்கம் நிற்கிறவர் உங்களைவிட அதிகமாக அந்தத் தூளை மூச்சில் இழுக்கிறார். முகத்தைத் திருப்புவது கோபத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

சாம்பலைக் குளத்தில் குவித்துக்கொண்டே போகக் கூடாது என்பதுதான் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2021 டிசம்பர் 31 அறிவிக்கையின் சாரம். சிமெண்ட், செங்கல், சாலை என்று முழுவதையும் பயன்படுத்த வேண்டும், பயன்படுத்தாமல் தேங்குகிற ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு. எவ்வளவு உருவானது, எவ்வளவு வெளியே போனது என்று தகவல் உரிமை மனுவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இதோடு விஷயம் முடியவில்லை. தட்டில் விழுவது கண்ணுக்குத் தெரிகிறது, சண்டை போடலாம். புகைபோக்கியிலிருந்து போவது தெரியாது. நம் ஊர்க் கரியில் கந்தகம் குறைவு என்பார்கள். குறைவுதான், அரை சதவீதம் என்றே வையுங்கள். 7,500 டன்னில் அரை சதவீதம் 37.5 டன். எரியும்போது ஆக்சிஜன் சேர்ந்து எடை இரட்டிப்பாகும். ஒரு அலகிலிருந்து ஒரு நாளைக்கு 75 டன் கந்தக டை ஆக்சைடு. அது காற்றிலேயே மாறி நுண்துகள் ஆகும், 275 மீட்டர் புகைபோக்கியிலிருந்து எத்தனையோ ஊர் தாண்டிப் போகும். கடற்காற்று உள்ளே வருகிற நேரத்தில் சில சமயம் கீழேயும் இறங்கும். உங்கள் பையனின் சிவப்பு மை தேதிகள் 'நிறைய' நாட்களோடு பொருந்தவில்லை என்றால் ஆச்சரியப்படாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் ஆழமாக இறங்குவது தட்டில் தெரியாத இந்தச் சின்னத் துகள்தான்.

அதைக் குறைக்கக் கந்தகம் நீக்கும் அமைப்பு வேண்டும் என்று 2015 டிசம்பர் 7-இல் விதி போட்டார்கள். கெடு இரண்டு வருடம். அப்புறம் 2022 என்றார்கள், அப்புறம் இன்னும் தள்ளினார்கள். 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். ஆனால் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை 'ஏ' பிரிவு. அவற்றுக்கு 2027 டிசம்பர் 31 கெடு இன்னும் நிற்கிறது. உங்கள் கண்ணுக்குத் தெரிகிற புகைபோக்கிகளில் எது எந்தப் பிரிவு என்று அதே மனுவில் கேளுங்கள். கிலோமீட்டர் கணக்கை எங்கிருந்து அளந்தார்கள் என்றும் கேளுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன், விளையாட்டு அங்கேதான் நடக்கும்.

மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. 450 மெகாவாட் எண்ணூர் பழைய நிலையத்தை 2017 மார்ச் கடைசியில் மூடினார்கள். எல்லா நிலையத்துக்கும் வயது உண்டு, இன்றில்லாவிட்டால் இன்னும் பதினைந்து வருடத்தில் இதையும் மூடுவார்கள். மூடாதே என்று கேட்டு ஜெயிக்க முடியாது. மூடுகிற தேதியையும், கான்ட்ராக்ட் ஆட்கள் உட்பட யார் யாருக்கு என்ன வேலை என்ற பட்டியலையும் ஒரே தாளில் முன்கூட்டியே கேட்டு வாங்குவதில்தான் சாமர்த்தியம்.

கரியை விட்டால் கரண்ட் ஏது என்பவருக்கு: தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே மாதத்தில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது உண்மை. ஆனால் அதே மே மாதம்தான் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைப் பக்கமும் காற்று கிளம்பும், செப்டம்பர் வரை நிற்காது. சில நாள் காற்றாலையை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள், ஏனென்றால் கரி அலகை 55 சதவீதத்துக்குக் கீழே இறக்குவது கஷ்டம். இலவசமாக வருகிற காற்றை நிறுத்திவிட்டுக் காசு கொடுத்த கரியை எரிப்போம்! என் வாழ்நாளில் நான் பார்த்த பைத்தியக்காரத்தனங்களில் இதற்கு முதலிடம் கொடுப்பேன். குறைவது உற்பத்தி இல்லை, சேமிப்பு. மத்தியானச் சூரியனைச் சாயங்காலம் ஏழு மணிக்குக் கொண்டு வர வேண்டும். பொள்ளாச்சி மலையில் காடம்பாறை 1980-களிலிருந்து அதைத்தான் செய்கிறது, தண்ணீரை மேலே ஏற்றி வைத்து இறக்கி 400 மெகாவாட். அந்த மாதிரி இன்னும் சில, அதோடு பேட்டரி.

வீட்டு மாடிக்கு 3 கிலோவாட் சோலார் போட்டால் மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. உங்களுக்கு வேண்டாம் என்பேன், நீங்கள் சொன்ன சாம்பல் அந்தக் கண்ணாடி மேல் படிந்தால் வாரம் இரண்டு முறை கழுவ வேண்டும்.

---

தையல்மெஷின்:

எல்லாருக்கும் நன்றி. மாடி சோலார் வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன்.

விரலில் தேய்த்துப் பார்த்தேன். பவுடர் மாதிரிதான் இருக்கிறது, கறுப்புக் கறை இல்லை. இதை எழுதும்போது இவர் பக்கத்தில் வந்து நின்றார். பாய்லர் ஐயா எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பதில் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "குளத்தோட மேற்குப் பக்கம் மூணு மாசமா தண்ணி விடல" என்றார். அவ்வளவுதான். நான் அதை நோட்டில் எழுதவில்லை, எழுதலாமா என்று தெரியவில்லை.

தட்டு வைக்க இரண்டு வீடு சம்மதித்திருக்கிறார்கள். மூன்றாவது வீட்டில், "எவர்சில்வர் தட்டு காணாம போயிடும், பிளாஸ்டிக் மூடி வைக்கட்டுமா?" என்று கேட்கிறார்கள். வைக்கலாமா?

---

பழைய_சிப்காட்:

வைக்கக் கூடாது. எல்லா வீட்டிலும் ஒரே அளவு, ஒரே மாதிரித் தட்டு, ஒரே எண்ணெய். இல்லாவிட்டால் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். நான்கு தட்டு நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

அவர் சொன்னதை எழுதாதீர்கள், அவர் பெயரைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். அதற்குப் பதிலாகத் தகவல் உரிமை மனுவில் ஒரு கேள்வி சேருங்கள்: கடந்த ஆறு மாதத்தில் சாம்பல் குளத்தின் மேற்குப் பகுதியில் தண்ணீர் தெளித்த நாட்களின் பதிவேட்டு நகல். பதிவேடு இருந்தால் தருவார்கள். இல்லாவிட்டால் 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். எது வந்தாலும் நமக்கு நல்லதுதான்.

---

சும்மா_ஒருவன்:

மனுவை யார் பெயரில் போடப் போகிறீர்கள் மேடம்? ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், நான் இருப்பது கோயம்புத்தூர். 10 ரூபாய் ஸ்டாம்ப்தானே.